தெற்கே திரும்பிய ஆண்டெனா

ஆண்டெனா வாங்கப் போன இடத்தில் ஆண்டெனாவை ஓரமாக வைத்துவிட்டு, அதைக் கம்பத்தோடு இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப்பையே நான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரிச்சி தெருக் கடைக்காரருக்கு அது பொறுக்கவில்லை.

"இன்னா மேடம், மாப்பிள்ளைய வுட்டுட்டு மாப்பிள்ளைத் தோழனையே பாத்துக்கினு கீறீங்க?"

நான் சிரித்துச் சமாளித்தேன். காரணத்தைச் சொல்ல ஆரம்பித்தால் சாந்தோமில் தொடங்கி நாற்பது சொச்சம் வருஷம் போகும். எனக்குப் பின்னால் சார்ஜர் வாங்க மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள். உங்களுக்கு அப்படி ஒன்றும் அவசரம் இருக்காது என்று நானாக நினைத்துக்கொண்டு சொல்கிறேன்.

போன டிசம்பர் மழையில் எங்கள் அடையாறு வீட்டில் நான்கு நாள் கேபிள் இல்லை, நெட் இல்லை, செல்போனில் சிக்னல் இல்லை. கரண்ட் மட்டும் இரண்டாம் நாளே வந்துவிட்டது. அதுதான் கொடுமை. டி.வி.க்கு உயிர் இருக்கிறது, பேச்சு இல்லை. எண்பது வயது அம்மா அதற்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கறுத்த திரையில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் எந்தத் தெரு வரைக்கும் வந்திருக்கிறது, ஏரியைத் திறந்துவிட்டார்களா, ஒன்றும் தெரியவில்லை. கீழ் வீட்டுக்காரர் ஒன்று சொன்னார், வாட்ச்மேன் அதற்கு நேர்மாறாக ஒன்று சொன்னார்.

"முன்னெல்லாம் காத்துல வருமே, அது இப்ப வராதாடி?" என்றாள் அம்மா.

மழை வடிந்து எல்லாம் திரும்பி வந்த பிறகும் அந்தக் கேள்வி மட்டும் போகவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிறவள். பழையதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவேன், பிளக்கில் வயரைச் சொருகத் தெரியாது. எங்கள் இயற்பியல் டீச்சரிடம் ஒருநாள் சாப்பாட்டு வேளையில் கேட்டேன். "வருது டீச்சர். யாரும் பாக்கறதில்ல, அவ்ளோதான்" என்றாள். அரசாங்க நிலையம் இன்னும் நாலைந்து சேனல்களைச் சந்தா எதுவும் கேட்காமல் காற்றில் அனுப்பிக்கொண்டிருக்கிறதாம். கொஞ்சம் புதிய டி.வி.யாக இருந்தால் அதற்குள்ளேயே அதை வாங்கிக்கொள்ளும் வசதி இருக்குமாம். ஓர் ஆண்டெனா மாட்டினால் போதும். அடுத்த மழைக்கு அம்மா தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

அப்படியும் மூன்று மாதம் தள்ளிப்போட்டு, தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை பஸ் ஏறினேன். தேனாம்பேட்டை சிக்னலில் பஸ் நின்றபோது கட்டடங்களின் தலைகளைப் பார்த்தேன். எல்லாம் டிஷ்கள்தான். அவை எல்லாமே ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு, பள்ளிக்கூட அசெம்பிளி மாதிரி நின்றன. அந்தக் காலத்து மீன்முள் ஆண்டெனா ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

ரிச்சி தெருவில் நான்கு கடைகளில் "ஆண்டெனாவா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். ஐந்தாவது கடைக்காரர்தான் நம்மவர். மேலே பரணிலிருந்து மூன்றை இறக்கித் தூசு தட்டினார். ஒன்று, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் அட்டை. இன்னொன்று டி.வி. தலையில் வைக்கும் இரண்டு கம்பி. மூன்றாவது, மாடியில் மாட்டுகிற மீன்முள்.

"இந்த அட்டை பாக்க சோக்கா இருக்கும். ஒட்னீங்கன்னா வூடு அழகா கீதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க. படம் மட்டும் வராது" என்றார்.

"பூஸ்டர் போட்டா?"

"பூஸ்டர் இன்னா, இல்லாத சிக்னலயா இஸ்துக்கினு வரும்? இருக்கறதத்தான் பெருசாக்கும். குப்பையயும் சேத்துப் பெருசாக்கும். நீங்க மூணாவது மாடின்றீங்க. மேல போயி இந்த மீன்முள்ள மாட்டுங்க. விலையும் கம்மி. டவர் எந்தப் பக்கம்னு தெரியுமா?"

"வடக்கு" என்றேன்.

"ஸ்யூரா? போன்ல பாத்து சொல்லட்டா?"

"வேணாங்க. நல்லா தெரியும்."

அவர் என்னைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். அந்த நேரத்தில் கடையின் உள்ளே யாரோ ஈயம் பற்றவைத்தார்கள். அந்தப் புகை வாசனை உங்களுக்குத் தெரியுமா? பற்றவைப்பதற்குக் குங்கிலியம் போல ஒரு பிசினைத் தொட்டுக்கொள்வார்கள். அது உருகும்போது அச்சு அசலாகக் கோயில் சாம்பிராணி வாசனை வரும். எங்கள் ஊரில் கோயில் என்றால் சாந்தோம் தேவாலயம். ரிச்சி தெருவில் நின்றுகொண்டு நான் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்துக்குப் போய்விட்டேன்.

சாந்தோமில் கடலைப் பார்த்த ஒரு பழைய காம்பவுண்டு. கீழே இரண்டு போர்ஷன், மேலே இரண்டு, எல்லாருக்கும் பொதுவாக ஒரு கிணறு, ஒரு மொட்டை மாடி. அப்பா பையன்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எதை வாங்கினாலும் மூன்று கடையில் விசாரித்து, வீட்டுக்கு வந்து ஒரு காகிதத்தில் கோடு கிழித்து ஒப்பிட்டுப் பார்ப்பார். பிறகு மூன்றிலும் மலிவானதை வாங்குவார். கோடு எதற்குக் கிழித்தார் என்று அம்மா கேட்பாள். எங்களுக்கு டி.வி. வந்தபோது ஆண்டெனாவும் அப்படித்தான் வந்தது. ஆண்டெனா மோசமில்லை; கிளாம்ப்பில்தான் கை வைத்தார். கனமான இரும்பில் ஒன்று இருந்தது, மெல்லிய தகட்டில் ஒன்று இருந்தது.

"ஒரு தடவை வடக்கே பாத்து முறுக்கி வெச்சா முடிஞ்சுபோச்சு. யாரு போயி அதத் திருப்பப் போறாங்க?" என்று தகட்டை வாங்கினார்.

சாந்தோம் காற்றுக்கு அந்தத் தகடு ஒரு வருஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. உப்பு தின்று நட்டு ஒருநாள் கழன்று விழுந்தது. அப்பா துணி காயப்போடும் கயிற்றில் ஒரு துண்டை வெட்டி ஆண்டெனாவைக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டினார். "இது அதவிட ஸ்ட்ராங்" என்றார். இதெல்லாம் பின்னால் வேண்டியிருக்கிறது, அதனால்தான் சொல்கிறேன்.

எங்கள் டி.வி.யும் கிறிஸ்தவ டி.வி. என்று சீனு மாமா கேலி செய்வார். பெரிய வாரத்தில் கோயிலில் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடிவிடுவார்கள், ஈஸ்டர் வரைக்கும் யார் முகமும் தெரியாது. அப்பா கோயிலில் மீந்த ஊதாத் துணியில் ஒன்றரை கஜம் கேட்டு வாங்கிவந்து டி.வி.யையும் மூடிவிடுவார். வெறும் துணியை எங்களால் நீக்க முடியும் என்று அவருக்குத் தெரியும். அதனால் பெரிய வியாழன் காலையிலேயே பின்பக்கம் ஆண்டெனா வயரையும் பிடுங்கி, சுருட்டி, ஜன்னலுக்கு வெளியே ஆணியில் மாட்டிவிடுவார். வீட்டுக்கு வந்தவர்களில் ஒரு பாட்டியம்மாள் உள்ளே என்ன சுரூபம் என்று தெரியாமல் அதற்குச் சிலுவை போட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனதும் உண்டு.

அந்த வருஷம் ஈஸ்டருக்கு அம்மா டி.வி.யில் வரப் போகிறாள். இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டேன், அப்போது அது சாதாரணமில்லை. எங்கள் பங்குப் பாடகர் குழுவை அழைத்து நிலையத்தில் பதிவு செய்தார்கள். ஈஸ்டர் அன்று சாயங்காலம் போடுவார்கள். நடுவில் ஒரு பாட்டில் அம்மா தனியாக நான்கு வரி. வீட்டில் பதிவு செய்து வைத்துக்கொள்ளும் கருவியெல்லாம் எங்கள் பக்கம் யாரிடமும் கிடையாது. ஒரு முறை போடுவார்கள், பார்த்தால் பார்த்ததுதான்.

என்ன புடவை கட்டுவது என்று இரண்டு வாரம் பேச்சு நடந்தது. சித்தி வீட்டிலிருந்து இளநீலப் பட்டு இரவல் வந்தது. கறுப்பு வெள்ளை டி.வி.யில் இளநீலம் எப்படித் தெரியும் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை, அப்பாவைத் தவிர. அவர் கேட்டதற்கு அன்று ராத்திரி ரசத்தில் உப்பில்லை.

ஆனால் அம்மாவுக்குப் புடவையைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. தவக்காலம் முழுக்க நாங்கள் அல்லேலூயா சொல்ல மாட்டோம். சாம்பல் புதனன்று அந்தச் சொல்லை மூட்டை கட்டி வைத்தால் ஈஸ்டருக்குத்தான் பிரிப்போம். ஈஸ்டர் நிகழ்ச்சியை முன்கூட்டியே பதிவு செய்தாக வேண்டுமே. அம்மாவின் நான்கு வரியில் மூன்று வரி அல்லேலூயாதான். தவக்காலத்தின் நட்டநடுவில், முகத்தில் பவுடரும் நெற்றியில் வேர்வையுமாக, அம்மா அதைப் பாடிவிட்டு வந்தாள். வந்த வேகத்தில் பங்குச் சாமியாரிடம் போய் இது பாவமா என்று கேட்டாள்.

"கோயில்ல பாடினாத்தாம்மா தப்பு. ஸ்டுடியோவுல பாடினா அது ஒத்திகை" என்று அவர் சிரித்திருக்கிறார். அம்மாவுக்கு அது சமாதானமாகவில்லை. சாமியார் நல்ல மனுஷர், அதனால் அப்படிச் சொல்கிறார் என்று அப்பாவிடம் சொன்னாள்.

இனி என் பாவத்துக்கு வருகிறேன்.

சீனு மாமா எங்கள் பக்கத்துப் போர்ஷன். பாங்கில் வேலை, நல்ல பருமன், கிரிக்கெட் என்றால் உயிர். மயிலாப்பூர் மாடவீதியில் பிறந்து, வாடகை கட்டுப்படியாகாமல் எங்கள் பக்கம் வந்தவர். பெரிய வாரத்துக்கு முன்பு அவருடைய ஆண்டெனாவில் ஒரு பட்டம் மாட்டிக்கொண்டது. பட்டத்தை இழுத்தவர்கள் ஆண்டெனாவையும் சேர்த்து இழுத்துவிட்டார்கள். அது பாதி உடம்போடு மாடியில் படுத்திருந்தது. பங்குனி, சித்திரையில் கடல் அசையாமல் கிடக்கிற நாட்களில் ஆண்டெனாவைத் தெற்கே திருப்பினால் சிலோன் ஸ்டேஷன் தெரியும் என்பது அப்போது எங்கள் தெருவில் எல்லாரும் அறிந்த ரகசியம். அந்தச் சனிக்கிழமை சிலோனில் மேட்ச். சீனு மாமா தன் வாசலுக்கும் எங்கள் வாசலுக்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்தார். அப்பாவும் அம்மாவும் கோயிலில் அன்று இரவுப் பாஸ்கா பூசை வேலையாக இருந்தார்கள். வீட்டில் பன்னிரண்டு வயது நான் மட்டும்.

"ஏன் குழந்தே, உங்காத்து ஆண்டெனா மூணு நாளா சும்மாதானே நின்னுண்டிருக்கு?"

"டி.வி. பாக்கக் கூடாது மாமா."

"நான் டி.வி.யக் கேட்டேனா? தபசு டி.வி.க்குத்தானே, ஆண்டெனாவுக்கு என்ன? மேட்ச் முடிஞ்சதும் சினிமாப் பாட்டு போடுவான். நீயும் வந்து பாரேன்."

நான் யோசித்தேன். நன்றாகவே யோசித்தேன். எங்கள் டி.வி. ஊதாத் துணிக்குள் பத்திரமாக இருக்கிறது. சீனு மாமா வீட்டு டி.வி. இந்து டி.வி., அதற்குத் தவக்காலம் கிடையாது. ஆகவே இதில் பாவம் எங்கே வருகிறது? ஜன்னல் ஆணியிலிருந்து வயரை எடுத்து அவர் வீட்டு ஜன்னலுக்குள் நானே நீட்டினேன். மாமாவால் ஆண்டெனா நின்ற தண்ணீர்த் தொட்டி மேல் போகும் இரும்பு ஏணியில் ஏற முடியாது, ஏணி ஒப்புக்கொள்ளாது. நான் ஏறி, அப்பா கட்டின கயிற்றை அவிழ்த்துக் கீழே போட்டுவிட்டு, ஆண்டெனாவைத் திருப்பினேன். மாமா பாதிப் படியில் நின்று, வீட்டுக்குள்ளிருந்து மாமி சொல்வதைக் கேட்டு எனக்குச் சொன்னார். "இன்னும் கொஞ்சம் தெக்கே. இன்னும் கொஞ்சம். போறும், போறும்."

மேட்ச் நினைவில்லை. பாட்டு நினைவிருக்கிறது, தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்தேன். கோயிலிலிருந்து அம்மா வரும் சத்தம் கேட்டதும் வயரை எடுத்து ஆணியில் மாட்டிவிட்டு, ஒன்றும் அறியாத முகத்தோடு எங்கள் வீட்டில் போய் உட்கார்ந்தேன். வயரை மாட்ட நினைவிருந்தது. ஆண்டெனாவைத் திருப்பி வைக்க எனக்கும் நினைவில்லை, மாமாவுக்கும் நினைவில்லை. பாஸ்காவுக்குக் கிளம்பும் அமளியில் அது சிலோனைப் பார்த்துக்கொண்டே நின்றது.

ஈஸ்டர் காலையில் அப்பா ஊதாத் துணியை உருவி மடித்து, வயரைச் சொருகினார். ஒளிபரப்பு சாயங்காலம்தான் என்பதால் போட்டுப் பார்க்கவில்லை. ஐந்தரை மணிக்குக் கூடம் நிறைந்துவிட்டது. சீனு மாமாவும் மாமியும் தேங்காய் பர்பித் தட்டோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். பாடகர் குழுவில் டி.வி. இல்லாதவர்கள் எல்லாரும் எங்கள் வீட்டில். அம்மா இரவல் பட்டையே மறுபடியும் கட்டிக்கொண்டு, கதவோரமாக நின்றாள். அப்பா குமிழைத் திருப்பினார்.

ஒரே மழை. புள்ளியும் இரைச்சலும். அப்பா பெட்டியின் தலையில் இரண்டு தட்டு தட்டினார். மழை வலுத்தது. இரைச்சலுக்கு அடியில் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆர்மோனியம் கேட்டது. ஆரம்பித்துவிட்டது.

அம்மா சத்தமில்லாமல் சொன்னாள். "தவக்காலத்துல பாடினேன் இல்ல. அதான்."

இரவல் பட்டு, தலையில் மல்லிகை, அந்த முகம். நான் சீனு மாமாவைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் பாதி பர்பி. வாய் மட்டும் அசைந்தது. "தெக்கே" என்றார்.

படி, மாடி, ஏணி. எப்படி ஏறினேன் என்று தெரியாது. திருப்பினேன். மாமா பாதிப் படிக்கு வந்து மூச்சு வாங்கிக்கொண்டு கத்தினார். "வரது, வரது… போயிடுத்து… வரது." உள்ளேயிருந்து அப்பாவின் குரல். "நிறுத்து. அப்படியே விடு." விட்டேன். சாயங்காலக் கடற்காற்று ஆண்டெனாவை ஒரு சுற்றுச் சுற்றியது. கூடமே "ஐயோ" என்றது. கயிற்றைத் தேடினேன். அதைத்தான் முந்தின நாளே கீழே போட்டுவிட்டேனே.

வேறு வழியில்லை. கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். ஒரு கையால் ஆண்டெனாவை வடக்கே நிறுத்தி, கன்னத்தையும் அதில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றேன். "தெரியறது, பேஷா தெரியறது, அசையாதே" என்றார் மாமா. நான் அசையவில்லை. காம்பவுண்டில் டி.வி. வைத்திருந்த மற்ற வீடுகளிலும் அதே நிகழ்ச்சிதான், எல்லாரும் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தார்கள். அம்மாவின் நான்கு வரி வந்தது. ஒவ்வொரு ஜன்னலிலிருந்தும் அம்மா பாடினாள். நான் கடலைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். அழுதேன் என்றுதான் நினைக்கிறேன், காற்றில் சரியாகத் தெரியவில்லை.

எல்லாம் முடிந்து கைதட்டல் கேட்ட பிறகு இறங்கி வந்தேன். உள்ளங்கையெல்லாம் அலுமினியக் கறுப்பு. அம்மா என்னைப் பார்த்தாள். "பாத்தியாடி?"

"பாத்தேம்மா. திருப்பிட்டு ஓடி வந்து வாசல்ல நின்னு பாத்தேன். ரொம்ப நல்லா இருந்த."

"பொடவ எப்படித் தெரிஞ்சுது?"

"நீலமாவே தெரிஞ்சுதும்மா."

இப்படி ஒரு பொய்யை யார் நம்புவார்கள்? அம்மா தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆண்டெனா எப்படித் திரும்பியது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. அப்பாவே முந்திக்கொண்டார். காற்று அடித்துக் கயிறு அவிழ்ந்துவிட்டது, தகட்டுக் கிளாம்ப் வாங்கினது தன் புத்திக் குறைவு என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அடுத்த வாரமே கனமான இரும்பில் ஒரு கிளாம்ப் வாங்கிவந்து, வீடே கேட்கிற மாதிரி முறுக்கினார். என் அப்பா ஆயுசில் ஒப்புக்கொண்ட ஒரே தப்பு, அவர் செய்யாத தப்பு. உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாவசங்கீர்த்தனத்தில்கூட "பொய் சொன்னேன் சாமி, மூன்று முறை" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி மூன்று அருள்நிறை மரி ஜெபத்தோடு தப்பித்துக்கொண்டேன். ஆனால் அப்பா விஷயத்தைவிட அம்மா விஷயம்தான் என்னை விடவில்லை. தன் அல்லேலூயாவுக்குத்தான் கடவுள் மழையைக் காட்டினார் என்று அவள் நம்பிக்கொண்டிருப்பாளே. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நாற்பது வருஷம் ஓடிவிட்டது. பரீட்சைத் தாள் திருத்துவதையே கடைசி நாள் வரைக்கும் தள்ளிப்போடுகிறவள் நான்.

கனமான கிளாம்ப்பைத்தான் வாங்கினேன் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. "ஆண்டெனா வெலையில பாதி வருது மேடம், பரவால்லயா?" என்று கடைக்காரர் இரண்டு தரம் கேட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால், மீன்முள் சின்னக் குட்டியாக இருந்தது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு கம்பியும் என் கை நீளம் இருக்கும். இப்போது விரல் நீளம்தான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து மாடிக்குப் போனேன். வயரை மாடியிலிருந்து எங்கள் ஜன்னலுக்குள் இறக்கி டி.வி.யில் சொருகி, சேனல் தேடும் வேலையை ஓடவிட்டு, அம்மாவை எதிரே உட்கார வைத்து, கையில் போனையும் கொடுத்துவிட்டுத்தான் ஏறினேன். இப்போது பாதிப் படியில் நின்று கத்த சீனு மாமா வேண்டியதில்லை. என் போனைச் சட்டைப் பையில் வைக்க வழியில்லாமல் புடவை இடுப்பில் செருகிக்கொண்டேன், ஸ்பீக்கரில்.

"தெரியுதாம்மா?"

"கறுப்பா இருக்குடி."

திருப்பினேன். "இப்போ?"

"கறுப்புதான். நம்பர் மட்டும் ஓடுது."

இந்தக் காலத்து ஒளிபரப்பில் மழை கிடையாது. வந்தால் முழுசாக வரும், இல்லையென்றால் ஒன்றுமில்லை. கிட்டே வந்துவிட்டோமா, தள்ளிப் போய்விட்டோமா என்று சொல்ல ஒரு புள்ளிகூட இல்லை. முன்பாவது மழைக்குள் ஆர்மோனியம் கேட்டது. எனக்கு வேர்த்துக் கொட்டியது. கட்டடங்கள் மறைப்பதால் கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி என்று வடக்கையே தடவிக்கொண்டிருந்தேன்.

"இரு, இரு. அஞ்சு சேனல்னு காட்டுது. படம் வந்துடுச்சுடி. யாரோ நெல்லப் பத்திப் பேசறாங்க. என்ன தெளிவு."

எனக்கு வந்த சந்தோஷத்தில் கம்பத்தை அப்படியே கட்டிப் பிடித்துக்கொண்டேன். கிளாம்ப்பை இன்னும் முறுக்கவில்லை, ஸ்பானர் கீழே கிடந்தது.

"என்ன சத்தத்தக் காணோம்?" என்றாள் அம்மா இடுப்பிலிருந்து. "அன்னிக்கு மாதிரியே கட்டிப் புடிச்சிக்கிட்டு நிக்கிறியா?"

அன்றைக்குக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றது அம்மாவுக்குத் தெரியாது. நான் வாசலில் நின்று பார்த்தேன் என்றல்லவா சொல்லியிருந்தேன்.

"என்னிக்கு?" என்றேன்.

"என்னிக்காம். சாந்தோம்ல, ஈஸ்டருக்கு. ஏணி மேல, கம்பத்துல கன்னத்த வெச்சிக்கிட்டு. நான் பாத்துக்கிட்டுதான இருந்தேன்."

"நீ எங்கேருந்தும்மா பாத்த?"

"கெணத்தடியிலேர்ந்து. என் மொகம் டி.வி.யில வந்ததும் எனக்கு வெக்கம் புடுங்கித் தின்னுது. அத்தன பேர் முன்னாடி எப்படி நிக்கிறது? பின்னாடி ஓடிட்டேன். நிமிந்து பாத்தா நீ மேல நிக்கிற. எறங்குன்னு சொல்ல வாய் வரல. சொன்னா படம் போயிடும்."

"அப்ப நீ பாடினத நீ…"

"நானும் பாக்கலடி."

கீழே எங்கேயோ குக்கர் விசில் அடித்தது. நான் கம்பத்தை விடவில்லை. கடைசியில் நாற்பது வருஷம் தள்ளிப்போட்டதை அங்கேயே, அடையாறு மாடியில், இடுப்பைப் பார்த்துச் சொன்னேன். "அம்மா, ஆண்டெனாவத் திருப்பினது காத்து இல்ல. உன் அல்லேலூயாவும் இல்ல. நான்தான்."

"தெரியும். சீனு மாமா மறுநாளே வந்து சொல்லிட்டார். பாவம், நின்ன எடத்துலயே கண்ணு கலங்கிடுச்சு அவருக்கு. எனக்குத்தான் நிம்மதியா இருந்துது, என் பாட்டால வந்த வென இல்லன்னு."

"அப்பாவுக்கு?"

"சொல்லல. அவர் அன்னிக்குத்தான் மொத மொறையா வெல ஜாஸ்தியா ஒண்ணு வாங்கப் போறேன்னு கெளம்பிக்கிட்டிருந்தார். அத எதுக்குக் கெடுக்கணும்?"

நான் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் கணக்கு உறைத்தது. அப்பா இல்லை. சீனு மாமா இல்லை, மாமி இல்லை. காம்பவுண்டு இருந்த இடத்தில் இப்போது எட்டு மாடி நிற்கிறது, கிணறு எந்த மூலையில் இருந்தது என்று நின்று காட்டக்கூட முடியாது. அன்று கூடத்தில் உட்கார்ந்து அம்மா பாடியதைப் பார்த்த அத்தனை பேரில் இன்று எனக்குத் தெரிந்து ஒருவரும் உயிரோடில்லை. மிச்சமிருப்பது நாங்கள் இரண்டு பேர்தான், நாங்கள் பார்க்கவில்லை.

ஸ்பானரை எடுத்துக் கிளாம்ப்பை முறுக்கினேன். அப்பா மாதிரியே, வீடு கேட்கிற மாதிரி. பிறகு போனைக் காதில் வைத்தேன்.

"அம்மா, அந்த நாலு வரிய இப்பப் பாடேன்."

போனில் நெல்லைப் பற்றிய பேச்சு கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா சத்தத்தைக் குறைத்தாள். தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"தவக்காலம்டி" என்றாள். "ஈஸ்டர் வரட்டும்."

இன்னும் பதினான்கு நாள் இருக்கிறது. இந்த முறை நான் கூடத்தில் உட்காரப் போகிறேன்.